பழிவாங்கும் நாயகி, ரத்தம் தெறிக்கும் இந்திப் படம்: முதல் விமர்சனம் எழுதுபவருக்கு ஒரு வழிகாட்டி

2015 மார்ச் 13 அன்று வெளியான ‘என்.ஹெச். 10’ என்ற இந்திப் படத்துக்கு நான் எழுதிய விமர்சனம் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டது. நான்காவது வடிவம் அச்சேறியபோது படம் சென்னைத் திரையரங்குகளிலிருந்து போய்விட்டிருந்தது. எழுத்து மோசம் என்பதற்காக அது திரும்பி வரவில்லை. வன்முறையை எப்படி எழுதுவது, எதைச் சொல்லாமல் விடுவது, எதைச் சரிபார்ப்பது என்ற எந்த ஒழுங்கும் என்னிடம் இல்லாததால்தான் திரும்பி வந்தது. அனுஷ்கா சர்மா நடித்து, தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்த அந்தப் படத்தை நவ்தீப் சிங் இயக்கியிருந்தார்; எழுதியவர் சுதீப் சர்மா. பெண்ணை மையமாக வைத்த வன்முறைப் பழிவாங்கல் படம் எதற்கு நீங்கள் எழுத உட்கார்ந்தாலும் கீழே உள்ள படிகள் பொருந்தும். உதாரணங்கள் எல்லாம் இந்த ஒரு படத்திலிருந்தே வருகின்றன. முடிவு உட்பட அதன் கதை இங்கே பேசப்படும் என்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

1. டிக்கெட் எடுக்கும் முன்: சான்றிதழ், வயது, எந்தப் பிரதி

முதலில் படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். ‘என்.ஹெச். 10’ ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம். 18 வயது நிறையாதவருக்கு அரங்கினுள் அனுமதி இல்லை. முகத்தைப் பார்த்தே விட்டுவிடுவார்கள் என்று நம்பி, 17 வயது முடிந்த என் சித்தி மகனை அழைத்துப் போனேன். வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். அவனை ஆட்டோ ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போவதற்குள் படத்தின் முதல் பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடிவிட்டது. கதாநாயகி மீரா நள்ளிரவில் தனியாகக் காரோட்டிப் போகும்போது தாக்கப்படும் காட்சி அந்தப் பகுதியில்தான் வருகிறது. அவள் கையில் துப்பாக்கி வருவதற்கான காரணமே அதுதான். அதைப் பார்க்காமல் “துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கமில்லை” என்று என் முதல் வடிவத்தில் எழுதினேன். திருப்பி அனுப்பப்பட்டதற்கான முதல் காரணம் அந்த வாக்கியம். ஆகவே, வயதைக் காட்டும் அசல் ஆவணம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். படம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே இருக்கையில் அமர்ந்துவிடுங்கள்.

திரையில் சில விநாடிகள் காட்டப்படும் சான்றிதழ் விமர்சகருக்கு ஓர் ஆவணம். அதில் படத்தின் நீளம், தேதி, பிரிவு ஆகியவை இருக்கும். கீழ் ஓரத்தில் ஒரு முக்கோணக் குறி இருந்தால், வெட்டுகளுக்குப் பிறகே சான்றிதழ் தரப்பட்டது என்று பொருள். காட்சி ஒன்று திடீரென்று துண்டிக்கப்பட்டதுபோல் தெரிந்தால், படத்தொகுப்பாளரைக் குறைசொல்வதற்கு முன் அந்த முக்கோணத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

பொறி ஒன்று இங்கே உண்டு. ‘ஏ’ சான்றிதழ் படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. வெட்டி, வேறு சான்றிதழ் வாங்கித்தான் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் பார்த்த அந்த வடிவத்தை வைத்து “வன்முறை அப்படியொன்றும் அதிகமில்லை” என்று எழுதினால் வாசகர் சிரிப்பார். எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதை விமர்சனத்தின் முதல் பத்திக்குள் ஒரு சொற்றொடரிலாவது சொல்லிவிடுங்கள்.

2. செலவும் நேரமும்

அன்று சென்னை மல்டிபிளக்ஸில் டிக்கெட் 120 ரூபாய். இணையத்தில் முன்பதிவு செய்ததற்குத் தனியாக 30 ரூபாய் ஆயிற்று. தம்பியின் டிக்கெட் வீண். மறுமுறை பார்க்க இன்னொரு டிக்கெட். இரண்டு நாள் ஆட்டோ. எல்லாம் சேர்த்து 700 ரூபாயைத் தாண்டியது. பத்திரிகையிலிருந்து வந்த சன்மானம் 500 ரூபாய், அதுவும் மூன்று மாதம் கழித்து. முதல் சில விமர்சனங்களில் கையிலிருந்து பணம் போகும் என்பதை ஏற்றுக்கொண்டு தொடங்குங்கள். ஆனால் இரண்டாவது முறை பார்ப்பதற்கான செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் முறை நீங்கள் பயந்துகொண்டு பார்க்கிறீர்கள். பயத்தில் இருப்பவர் குறிப்பெடுக்க மாட்டார்.

நேரக் கணக்கு இது: படம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், குறிப்புகளைச் சீர்செய்ய ஒரு மணி நேரம், எழுத நான்கு மணி நேரம், சரிபார்க்க இரண்டு மணி நேரம். இடையில் ஓர் இரவு உறங்கியே ஆக வேண்டும். அரங்கிலிருந்து வந்த கையோடு நான் எழுதிய வடிவத்தில் 14 ஆச்சரியக்குறிகள் இருந்தன. வெள்ளிக்கிழமை காலைக் காட்சி பார்த்து, சனிக்கிழமை காலையில் எழுதி, மதியம் அனுப்பினால் வார இறுதிக்குள் வாசகர் கையில் கிடைக்கும். பத்திரிகையாளர் காட்சிக்கு அழைப்பு வந்தால், எந்த மணிக்கு முன் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு அழைப்பு வராது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, டிக்கெட் வாங்கிப் பார்த்தவருக்கு எவரிடமும் கடன் இல்லை.

3. அரங்கில்: கைபேசி வேண்டாம், நோட்டு போதும்

காட்சியை நினைவில் வைத்துக்கொள்வதற்காகக் கைபேசியில் பத்து விநாடி பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அடியோடு விடுங்கள். 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தில் 2023-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியின்றி அரங்கில் படத்தைப் பதிவுசெய்வது குற்றம்; குறைந்தபட்சம் மூன்று மாதச் சிறையும் மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. “விமர்சனத்துக்காகத்தான் எடுத்தேன்” என்று வாசலில் விளக்கிக்கொண்டு நிற்கும் நிலை வேண்டாம்.

பள்ளிக்கூட நோட்டில் பக்கத்தை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நேரம். இரண்டாவதில் அடிப்பவர் யார், அடிபடுபவர் யார். மூன்றாவதில் நாம் பார்ப்பது காயத்தையா, முகத்தையா, அல்லது சத்தம் மட்டும் கேட்கிறதா. நான்காவதில் அடி விழுந்த பிறகு கேமரா எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறது. இருட்டில் எழுதுவதால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு பக்கத்துக்கு ஐந்து வரிக்கு மேல் எழுதாமல் இருந்தால் படிக்க முடியும்.

இந்த நான்கு பத்திகளும் எதற்கு என்பதை ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். நெடுஞ்சாலையோர தாபாவில் மீரா கழிப்பறைக்குப் போகிறாள். கதவின் உள்பக்கத்தில் பெண்ணை இழிவுபடுத்தும் ஒரு வசைச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே வராமல், அந்தச் சொல்லைத் துடைத்து அழிக்கிறாள். அடி இல்லை, ரத்தம் இல்லை, பக்கத்தில் வேறு ஆளும் இல்லை. என் முதல் நோட்டில் இந்தக் காட்சி இல்லவே இல்லை. இரண்டாவது முறை பார்த்தபோதுதான், படத்தின் முதல் சண்டை அந்தக் கதவோடுதான் நடக்கிறது என்பது உறைத்தது. கடைசியில் அவள் இரும்புக் கம்பியோடு நடந்து வருவதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அந்தக் கதவைப் பற்றி நீங்கள் எழுதினால் உங்கள் விமர்சனம் தனித்து நிற்கும். “அடிப்பவர் யார்” என்ற பத்தியில் ‘சுவர்’, ‘கதவு’, ‘போலீஸ்காரரின் கேள்வி’ என்றெல்லாம் எழுத நேரும்போது தயங்காமல் எழுதுங்கள்.

4. வசன வரிகளை நம்பி ஏமாறாதீர்கள்

இந்தி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இந்தப் படத்தில் சிக்கல் வரும். டில்லியை ஒட்டிய குர்கானில் வேலைபார்க்கும் மீராவும் அவள் கணவன் அர்ஜுனும் ஆங்கிலம் கலந்த நகரத்து இந்தி பேசுகிறார்கள். பயணத்தின் நடுவே ஓர் ஆணவக் கொலையைப் பார்த்துவிட்ட அவர்களைத் துரத்துபவர்கள் ஹரியாணாவின் பேச்சுமொழியில் பேசுகிறார்கள். அங்கே ‘ஹை’ என்பது ‘சை’ ஆகிவிடும். ‘க்யா’ என்பது ‘கே’ ஆகிவிடும். நம் ஊர்க் காதுக்கு இரண்டும் ஒரே இந்திதான். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளிலும் இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் மீரா வழிகேட்கும் ஒவ்வொரு முறையும், அவள் வாயைத் திறந்தவுடனேயே அவள் வெளியாள் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. பாதி அச்சம் அதிலிருந்து பிறக்கிறது. ஹரியாணாக்காரர் அல்லது டில்லியில் சில ஆண்டுகள் இருந்தவர் எவரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், பத்து நிமிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத படி இது ஒன்றுதான்.

இன்னொன்று, ஒரே மூதாதை வழி வந்ததாகக் கருதப்படும் குலப்பிரிவைக் குறிக்கும் ‘கோத்திரம்’ என்ற சொல். வசன வரியில் அது ‘சாதி’ என்று வந்தால், நாம் பழக்கத்தில் “கலப்புத் திருமணம் செய்ததால் கொல்கிறார்கள்” என்று எழுதிவிடுவோம். வட மாநிலத்தில் இதற்கு நேர்மாறான சினமும் உண்டு: ஒரே சாதியில், ஒரே கோத்திரத்தில் மணந்ததற்காகவே கொலை விழுந்திருக்கிறது. எந்தச் சொல் பேசப்பட்டது என்று காதால் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

5. எழுதும்போது: வன்முறையைச் சொல்லும் முறை

இதுதான் எனக்கு மிக நீண்ட காலம் எடுத்த படி. என் முதல் வடிவத்தில் ஒவ்வொரு கொலையையும் வரிசையாக விவரித்திருந்தேன்: யார் எதனால் குத்தினார், எங்கே ரத்தம் வந்தது, எப்படி விழுந்தார் என்று. ஆசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: “இது விமர்சனமா, பிரேதப் பரிசோதனை அறிக்கையா?” இரண்டாவது வடிவத்தில் அதற்கு நேர்மாறாகப் போய், “வன்முறையைத் தவிர்த்திருக்கலாம்” என்று அறிவுரை சொல்லி முடித்தேன். அதுவும் திரும்பி வந்தது. வன்முறையைத் தவிர்த்துவிட்டால் அந்தப் படத்தில் மிஞ்சுவது ஒரு காரும் ஒரு சாலையும்தான் என்பதால், அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

பிறகு கண்டுபிடித்த வழி இது. நோட்டிலிருந்து இரண்டே இரண்டு வன்முறைக் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நாயகிக்கு நடப்பது அல்லது அவள் கண்முன் நடப்பது, மற்றொன்று அவள் செய்வது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேமரா இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வீட்டாரை மீறி மணந்த பிங்கியும் அவள் கணவனும் காட்டுக்குள் கொல்லப்படும் இடத்தில், மறைந்திருந்து பார்க்கும் மீரா, அர்ஜுன் இருவரோடு நாமும் பதுங்கியிருக்கிறோம். நமக்குக் கிளர்ச்சி வரவில்லை, குமட்டுகிறது. கடைசிப் பகுதியில் மீரா திருப்பியடிக்கும்போது நாம் அவள் பக்கத்தில் நிற்கிறோம். அரங்கில் விசில் பறந்தது. முடியாமல் கிடக்கும் எதிரியின் முன் அவள் உட்கார்ந்து நிதானமாகச் சிகரெட் புகைக்கும் இடத்தில் விசில் இன்னும் உயர்ந்தது. அப்போது என் பக்கத்து இருக்கையில் இருந்த நடுவயதுப் பெண்மணி மட்டும் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அந்த விசிலைப் படம் கேட்டு வாங்குகிறதா, அல்லது விசிலடிப்பவரைக் கூச வைக்கிறதா என்ற கேள்விக்கு நீங்கள் தரும் பதில்தான் உங்கள் விமர்சனம். என் பதில், இரண்டையும் செய்யப் பார்க்கிறது, முதலாவதில் மட்டும் வெல்கிறது என்பது. நீங்கள் வேறு பதில் சொல்லலாம். ஆனால் பதில் சொல்லாமல் நட்சத்திரம் மட்டும் போடக் கூடாது.

பழிவாங்கல் எப்போது தொடங்குகிறது என்பதையும் நேரப் பத்தியில் பாருங்கள். விளம்பரத்தைப் பார்த்துப் போனவருக்கு இது முழுநீளப் பழிவாங்கல் படம். உண்மையில் பெரும்பகுதியில் மீரா ஓடுகிறாள், ஒளிகிறாள், உதவி கேட்கிறாள். திருப்பியடிப்பது கடைசிப் பகுதியில்தான். அதற்கு முன்னால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கும்பலின் பின்னே போகிறவன் கணவன் அர்ஜுன். தாபாவில் எல்லோர் முன்பும் வாங்கிய அறை அவனைக் கொண்டுபோகிறது. ஆணின் ரோஷம் படத்தின் முதல் பாதியை நடத்துகிறது, பெண்ணின் சினம் கடைசிப் பகுதியை நடத்துகிறது என்பதை எழுதாமல் “பெண்ணை மையமாகக் கொண்ட படம்” என்று மட்டும் எழுதுவது அரைகுறை.

சொற்களில் கவனம் தேவை. ‘பத்திரகாளியாக மாறுகிறாள்’, ‘கண்ணகியின் சீற்றம்’, ‘பெண் சிங்கம்’, ‘ஆணுக்கு நிகராக அடிக்கிறார்’ ஆகிய நான்கும் தமிழில் எழுதும் எல்லோர் கையிலும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். என் முதல் வடிவத்தில் மூன்று இருந்தன. மீராவின் மேல் சாமி வரவில்லை. அவளுக்குத் தூக்கமில்லை, கால் வலிக்கிறது, கணவன் இறந்துவிட்டான். அப்படியே எழுதுங்கள். ‘கௌரவக் கொலை’ என்பது கொன்றவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் பெயர். தமிழில் ‘ஆணவக் கொலை’ என்ற சொல் நிலைபெற்றிருக்கும்போது அதை விட்டு வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லையும் கைவிடுங்கள். ‘பாலியல் வன்கொடுமை’ போதும். வசைச் சொற்களை மொழிபெயர்க்க வேண்டாம். வசை என்று சொன்னாலே வாசகருக்குப் புரியும்.

மறைக்க வேண்டியதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தீப்தி நவல் ஏற்ற ஊர்த்தலைவி பாத்திரம் யாருக்கு என்ன உறவு என்பது படத்தின் பிற்பகுதியில் தெரியவரும் செய்தி. நான் அதை நடிகர் பட்டியலிலேயே அடைப்புக்குறிக்குள் போட்டு உடைத்தேன். வெளியீட்டு வார விமர்சனத்தில் இடைவேளைக்குப் பிந்தைய கதையை இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்லாதீர்கள்; அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அதட்டாமலேயே அச்சுறுத்துகிறார் என்று சொன்னால் போதும்.

6. சரிபார்க்க வேண்டியவை

எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் கீழும் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். “ஹரியாணாவின் புழுதியை ஒளிப்பதிவாளர் அப்படியே அள்ளி வந்திருக்கிறார்” என்று நான் உருகியிருந்தேன்; படத்தின் பெரும்பகுதி ராஜஸ்தானில் எடுக்கப்பட்டது. தலைப்பில் உள்ள சாலை டில்லியிலிருந்து ரோத்தக், ஹிசார், சிர்சா வழியாகப் பஞ்சாபின் ஃபாசில்கா வரை போவது. நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் தரப்பட்டபோது அதன் பெரும்பகுதி 9-ஆம் எண் பெற்றுவிட்டது. ஆகவே இன்றைய வரைபடத்தில் 10-ஐத் தேடி, அது வேறெங்கோ இருப்பதைப் பார்த்து “இயக்குநருக்குப் புவியியல் தெரியவில்லை” என்று எழுதிவிடாதீர்கள்.

உண்மைச் சம்பவத்தை மேற்கோள் காட்டுவதானால் கூடுதல் கவனம் வேண்டும். இந்தப் படத்தைப் பற்றிய பேச்சில் 2007-இல் ஹரியாணாவின் கைத்தல் மாவட்டத்தில் நடந்த மனோஜ்–பப்லி கொலை வழக்கு எப்போதும் வரும். ஒரே கோத்திரத்தில் மணந்ததற்காக, சாதிப் பெரியவர்களின் ஊர்ச்சபையான காப் பஞ்சாயத்தின் சினத்துக்கு ஆளாகிக் கொல்லப்பட்டவர்கள் அவர்கள். 2010 மார்ச்சில் கர்னால் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது, அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. பாதிச் செய்தியோடு நின்று “தூக்கிலிடப்பட்டார்கள்” என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு என்றால் கடைசித் தீர்ப்பு வரை பாருங்கள்.

வேற்று மொழிப் படத்தின் நகல் என்ற குற்றச்சாட்டும் அப்போதே எழுந்தது. 2008-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் திகில் படத்தைச் சுட்டினார்கள். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருந்தால் ஒப்பிடுங்கள். பார்க்காமல், பிறர் சொன்னதை வைத்து ‘திருட்டு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

7. படங்கள், மேற்கோள்கள், சட்டம்

பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஒரு வசனத்தைச் சுட்டுவது அதில் அடங்கும். அரை மணி நேரக் காட்சியைப் பின்னணிக் குரலோடு போடுவது அடங்குமா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். குர்கானின் கடைசி மால் எங்கே முடிகிறதோ அங்கேயே ஜனநாயகமும் அரசியல் சட்டமும் முடிந்துவிடுகின்றன என்ற பொருளில் ஒரு காவல்துறை அதிகாரி பேசும் வசனம் இருக்கிறது. அந்த ஒன்றே ஒரு பத்திக்குப் போதும். படங்களுக்குத் தயாரிப்பு நிறுவனம் செய்தியாளர்களுக்கென வெளியிடும் நிழற்படங்களையே கேட்டு வாங்குங்கள்.

பாலியல் வன்கொடுமை வழக்கை அடிப்படையாகக் கொண்ட படமானால், பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ எழுதாதீர்கள். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும் அதைக் குற்றமாக்குகின்றன. இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஊர், கல்லூரி, தந்தையின் தொழில் ஆகியவற்றைச் சேர்த்துச் சொன்னாலும் அடையாளம் வெளிப்பட்டதாகவே ஆகும்.

8. அனுப்புவதும் அதற்குப் பிறகும்

விமர்சனத்தின் தலையில் படத்தின் பெயர், மொழி, இயக்குநர், நீளம், சான்றிதழ், நீங்கள் பார்த்த தேதி ஆகிய ஆறும் இருக்கட்டும். அதற்கு அடுத்த வரியில், படத்தில் எத்தகைய வன்முறை வருகிறது என்று ஒரே வாக்கியத்தில் எச்சரித்துவிடுங்கள். யாரை அழைத்துப் போகலாம் என்று முடிவெடுக்க வாசகர் தேடுவது அதைத்தான். நீளம் 700 முதல் 900 சொற்கள் போதும். நான் 1,600 சொல் அனுப்பினேன். 800-ஐ வெட்டியவர்கள் எந்த 800-ஐ வெட்டுவது என்று என்னிடம் கேட்கவில்லை.

சன்மானத் தொகை, எத்தனை நாளில் தருவார்கள், வெட்டினால் உங்களுக்குக் காட்டுவார்களா என்ற மூன்றையும் அனுப்பும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டதற்குச் சாட்சி இல்லை. நோட்டைத் தூக்கி எறியாதீர்கள். பிழை சுட்டி வரும் கடிதத்துக்குப் பதில் எழுத அதுதான் கையிருப்பு. ராஜஸ்தான் விஷயத்தில் எனக்கு வந்த கடிதம் ஜெய்ப்பூரில் வேலைபார்க்கும் ஒரு மதுரைக்காரரிடமிருந்து; அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடச் சொல்லி ஆசிரியருக்கு நானே எழுதினேன், போட்டார்கள்.